எட்ட இருக்கும் சர்வரை எப்படி நம்புவது

வீட்டுச் சர்வர் என்பது பெரும்பாலும் ஒரு பழைய கணினி, அல்லது உள்ளங்கை அளவுள்ள ராஸ்ப்பெரி பை, அல்லது நாலு ஹார்ட் டிஸ்க் பொருத்திய ஒரு சிறு பெட்டி. குடும்பத்தின் புகைப்படங்களும் ஆவணங்களும் பாட்டும் படமும் அதில் இருக்கும். சில வீடுகளில் வாசல் கேமராவின் பதிவுகளும் இருக்கும். உரியவர் வீட்டில் இருக்கும்வரை அதன் நிலையை அறிவதில் சிக்கல் இல்லை. விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம், விசிறியின் சத்தத்தைக் கேட்கலாம், ஐயம் வந்தால் திரையையும் கீபோர்டையும் நேரே செருகிப் பார்க்கலாம். அவர் வெளியூர் போன பிறகு இவற்றில் ஒன்றும் இல்லை. சர்வரைப் பற்றி அவருக்குக் கிடைப்பதெல்லாம் இணையம் வழியே வந்து சேரும் சொற்கள். அவை தன் சர்வரிடமிருந்துதான் வருகின்றனவா, வந்தாலும் உண்மையா, தான் அனுப்பும் கட்டளை தன்னுடையதுதான் என்று சர்வர் எதைக் கொண்டு அறிகிறது என மூன்று கேள்விகள் அப்போது எழுகின்றன. தொழில்நுட்பக் கேள்விகளாகத் தெரியும் இவை, மெய்யியலின் மிகப் பழைய சிக்கல் ஒன்றின் வடிவங்கள்தாம். நேரில் காணாத ஒன்றைச் சொல் கொண்டு மட்டும் அறிவது எப்போது அறிவு ஆகும்?

இந்திய மெய்யியல் இதை அளவை, அதாவது அறிவு பெறும் வழி, என்ற தலைப்பில் ஆராய்ந்தது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பத்து அளவைகளைச் சொல்லிவிட்டு, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். வெளியூரில் இருக்கும் சர்வர் உரிமையாளருக்குக் காண்டல் கிடையாது. கருதல், அதாவது ஊகித்தறிதல், உண்டு; ஆனால் கருதலுக்குப் பிடிமானமாக இருப்பதும் சர்வர் சொன்ன ஏதோ ஒரு செய்திதான். ஆக, எஞ்சுவது உரை.

எவருடைய உரை அறிவு தரும் என்பதற்கு நியாய மரபில் ஒரு வரையறை இருக்கிறது. ஆப்தர் சொல்லே சான்று என்கிறது நியாய சூத்திரம். அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தருக்கு இரண்டு தகுதிகள் வைக்கிறார்: பொருளை நேரடியாக அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இவ்விரண்டும் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் என்றும் சேர்க்கிறார். பிறப்போ பெருமையோ அதில் கணக்கில்லை. இந்த அளவுகோலைச் சர்வருக்கு வைத்துப் பார்த்தால் முதல் தகுதி எளிதாகக் கிடைத்துவிடுகிறது. தன் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதி, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதை அதைவிட நேரடியாக அறிந்தவர் இல்லை. இரண்டாவது தகுதிதான் இடறுகிறது. சர்வருக்கு மெய் சொல்லும் விருப்பமும் இல்லை, பொய் சொல்லும் விருப்பமும் இல்லை. அதன் வாயால் வேறொருவர் பேசுகிறாரா என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

1990களின் நடுப்பகுதி வரை தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பரவலாகப் பயன்பட்டது டெல்நெட். அதில் கடவுச்சொல் உட்பட எல்லாம் மறைப்பின்றிப் போகும். வழியில் இருக்கும் எவரும் படிக்கலாம். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்கும் தாக்குதல் நடந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு இலோனென் அதற்கு மாற்றாக எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். கோப்புப் பரிமாற்றத்துக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று போர்ட் எண்கள் ஏற்கெனவே இருந்தன. நடுவில் காலியாக இருந்த 22ஐ அவர் கேட்டு வாங்கினார். 1999இல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் வெளியிட்ட ஓப்பன்எஸ்எஸ்எச் இன்று ஏறக்குறைய எல்லா லினக்ஸ் சர்வர்களிலும் ஓடுகிறது. இவற்றின் அடித்தளம், விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976இல் வெளியிட்ட கருத்து. முன்பின் சந்திக்காத இருவர், ஊரே கேட்கும் வழியில் பேசிக்கொண்டே, வேறு எவராலும் கண்டுபிடிக்க முடியாத ஓர் எண்ணைத் தங்களுக்குள் பொதுவாக்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

இதை மனித அறிவின் பெரும் சாதனைகளில் ஒன்றாகவே கொள்ள வேண்டும். ஆனால் அது தருவது எது, தராதது எது என்பதில் தெளிவு தேவை. பேச்சை மூன்றாமவர் ஒட்டுக்கேட்க முடியாது என்ற உறுதியை அது தருகிறது. எதிரே பேசுவது யார் என்பதை அது சொல்வதில்லை. ஒருவன் நடுவில் நின்று, உரிமையாளரிடம் சர்வர் போலவும் சர்வரிடம் உரிமையாளர் போலவும் பேசினால், இருபுறமும் இரகசியம் குறைவின்றி இருக்கும். இரண்டு இரகசியங்களும் அவன் கையில் இருக்கும்.

அந்தக் குறையை நிரப்பத்தான், ஒரு சர்வரோடு முதல்முறை இணையும்போது எஸ்.எஸ்.எச் ஒரு கேள்வி கேட்கிறது. இந்தச் சர்வரைத் தனக்கு இதற்குமுன் தெரியாது, அதன் சாவியின் கைரேகை இது, தொடரலாமா என்று கேட்டு 43 குறிகள் கொண்ட ஒரு வரியைக் காட்டும். ஆம் என்று தட்டினால் அந்தச் சாவியைக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே சாவி வந்தால் மறுபேச்சின்றி இணைக்கும். வேறு சாவி வந்தால் பெரிய எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்த 43 குறிகளை ஒப்பிட்டுப் பார்க்காமலே ஆம் என்று தட்டுவதுதான் பரவலான வழக்கம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான ஒரு விவாதம் இந்த ஒரு கேள்வியின் பின்னால் நிற்கிறது. 7ஆம் நூற்றாண்டின் மீமாம்சகரான குமாரில பட்டர், அறிவு தோன்றும்போதே தன்னளவில் ஏற்கத்தக்கதாகத்தான் தோன்றுகிறது, அதைப் பொய்யாக்கும் வேறொன்று வந்தால் மட்டுமே கைவிட வேண்டும் என்று வாதிட்டார். அறிவின் செல்லுபடி அதனுள்ளேயே இருக்கிறது என்ற இந்தக் கொள்கைக்குச் சுதப் பிராமாணியம் என்று பெயர். நியாய மரபினரான நையாயிகர்கள் இதை ஏற்கவில்லை. ஓர் அறிவு சரியானது என்று தெரிய, அந்த அறிவுக்கு வெளியே இருக்கும் ஒன்றால் அதைச் சோதிக்க வேண்டும் என்றார்கள்; இது பரதப் பிராமாணியம். 14ஆம் நூற்றாண்டில் கங்கேசர் தத்துவ சிந்தாமணியில் இந்த விவாதத்தை மிக நுணுக்கமாக விரித்தார். மீமாம்சகர் எழுப்பிய தடை வலுவானது: வெளியே உள்ள சான்றால் சோதிப்பதென்றால் அந்தச் சான்றை எதனால் சோதிப்பது, அதற்கும் ஒரு சான்று வேண்டாமா, இது எங்கே போய் முடியும்? நையாயிகரின் விடை இதுதான்: எல்லாவற்றையும் சோதிக்கத் தேவையில்லை, ஐயம் எழுந்த இடத்தில் சோதித்தால் போதும், அந்தச் சோதனையும் செயலின் பயனில் முடியும். தண்ணீர் என்று நினைத்துப் போனவனுக்குத் தாகம் தீர்ந்தால் அவன் கண்டது தண்ணீர்தான்.

கைரேகையைப் பாராமல் ஆம் என்று தட்டுபவர், அறிந்தோ அறியாமலோ, மீமாம்சகர் பக்கம் நிற்கிறார். பொய்யாக்கும் ஒன்று வரும்வரை ஏற்கிறார். இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. முதல் இணைப்பு வீட்டுக்குள், ஒரே ரவுட்டரில், கைக்கெட்டும் தூரத்தில் நடந்திருந்தால் நடுவில் எவரும் நிற்க அநேகமாக வழியில்லை. அன்று குறித்துக்கொண்ட சாவி பிறகு ஆண்டுக்கணக்கில் பயன்படும். அதே வழக்கத்தை ஒரு விடுதியின் வைஃபையில், புதிதாக வாங்கிய மடிக்கணினியில் கடைப்பிடித்தால் நிலைமை தலைகீழ். அங்கே முதல் கணத்திலேயே நடுவில் நிற்கும் ஏமாற்றுக்காரன், அதாவது நடுவன், இருந்தால், அவனுடைய சாவிதான் சர்வரின் சாவியாகப் பதிவாகும். அவன் நடுவில் நிற்கும்வரை பொய்யாக்கும் அறிவு வராது.

நையாயிகரின் செயல்சோதனை இங்கே உதவுமா? உதவாது என்பதே இந்தச் சிக்கலின் ஆழம். கடவுச்சொல்லால் நுழைபவரின் கடவுச்சொல்லை நடுவன் வாங்கி உண்மையான சர்வரிடம் கொடுத்துவிடலாம். கோப்புகள் திறக்கும், கட்டளைகள் நிறைவேறும், குடும்பப் புகைப்படங்கள் வரிசையாக வரும். தாகம் தீர்ந்துவிடும், ஆனால் தண்ணீர் அவன் கைவழியே வந்தது. ஏமாற்றுபவன் ஒருவன் இருக்கும் இடத்தில் செயலின் வெற்றி சான்றாக நிற்பதில்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தன் சாவியால் நுழைபவர் ஓரளவு காப்பாற்றப்படுகிறார். அவர் இடும் கையொப்பம் அந்த ஓர் இணைப்போடு பிணைந்தது. நடுவன் அதை எடுத்து உண்மையான சர்வரிடம் நீட்ட முடியாது. ஆனாலும் அவன் தானே ஒரு போலிச் சர்வராக இருந்து, உரிமையாளர் தட்டச்சு செய்வதையெல்லாம் வாங்கிக்கொள்ள முடியும்.

எனவே புறச்சான்று வேண்டும். அந்தச் சான்று ஐயத்துக்கு இடமான வழியில் வரக்கூடாது. கைரேகையைச் சர்வரின் திரையிலேயே பார்த்து ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவது மிகப் பழைய முறை, மிக உறுதியான முறையும் அதுவே. சரிபார்த்த சாவிப் பட்டியலை வீட்டிலிருந்தே மடிக்கணினிக்கும் தொலைபேசிக்கும் படியெடுத்துக்கொள்வது அடுத்தது. முடிவில்லாமல் பின்னோக்கிப் போகும் சான்றுகளின் தொடர் இங்கே நின்றுவிடுகிறது, ஏனென்றால் கடைசிக் கண்ணி காண்டல். தொலைவில் பயன்படும் சான்று அருகில் இருந்தபோது உண்டாக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற ஒரே தேவையிலிருந்துதான் இந்தத் துறையின் நல்ல நடைமுறைகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன. கிளம்புவதற்கு முந்தைய வாரத்திலேயே, வீட்டு வைஃபையை அணைத்துவிட்டுத் தொலைபேசியின் மொபைல் டேட்டா வழியாகச் சர்வருக்குள் நுழைந்து பார்ப்பதும் அப்படிப்பட்டதே. வெளியே இருக்கும் நிலையை வீட்டில் இருந்தபடியே உண்டாக்கிச் சோதிக்கும் வழி அது.

சர்வரின் பக்கமிருந்து பார்த்தால் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. ஜான் லாக் மனித அறிவு பற்றிய தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில், ஒருவர் அதே ஆள் என்று சொல்ல உடல் போதாது, கடந்த செயல்களைத் தன்னுடையவை என்று உணரும் நினைவுத் தொடர்ச்சியே ஆளின் அடையாளம் என்றார். சர்வருக்கு உடலும் தெரியாது, நினைவும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட இரகசிய எண் இருந்தால் மட்டுமே போடக்கூடிய ஒரு கணக்கை எதிரே இருப்பவர் போட்டுக் காட்டினாரா என்பது மட்டும் தெரியும். போட்டுக் காட்டியவர் திருடனாக இருந்தாலும், சர்வரைப் பொறுத்தவரை அவரே உரிமையாளர். நபருக்கும் நபரின் அடையாளச் சின்னத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை எந்தக் கருவியாலும் முழுதாக மூட முடியாது, குறுக்க மட்டுமே முடியும்.

கடவுச்சொல் அந்த இடைவெளியை மிக அகலமாக விட்டுவைக்கிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டு மாற்றப்படாமல் விடப்பட்ட ஏறத்தாழ 60 பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. இணையத்துக்குத் திறந்து வைத்த எந்தச் சர்வரின் 22ஆம் போர்ட்டையும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். கடவுச்சொல் நுழைவை முற்றிலும் நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் ஏற்பது இதற்கான விடை. அந்தச் சாவிக் கோப்புக்கும் ஒரு கடவுத்தொடர் இருக்க வேண்டும். மடிக்கணினி இரயிலில் களவு போனால் கோப்பு மட்டும் கிடைத்தவனுக்குப் பயன் இருக்காது. ஓப்பன்எஸ்எஸ்எச் 2020 முதல், விரலால் தொட்டால்தான் வேலை செய்யும் சிறு வன்பொருள் சாவிகளையும் ஏற்கிறது. அவற்றில் இரகசியம் கருவியை விட்டு வெளியே வருவதே இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி வைத்துக்கொள்வது இன்னொரு தேவை. தொலைபேசி தொலைந்தால் சர்வரில் அதன் சாவிக்குரிய ஒரு வரியை மட்டும் நீக்கலாம், மற்றவை தொடரும். அப்படி நீக்கப் போவதற்கு இரண்டாவது சாவி ஒன்று வேறிடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் தொலைத்த பிறகுதான் உணர்கிறார்கள்.

சாவி என்றாலே உறுதி என்று நினைப்பதற்கும் வரலாறு இடம் தரவில்லை. டெபியன் லினக்ஸில் 2006இல் செய்த ஒரு சிறு திருத்தம், சாவி உருவாக்கத்துக்குத் தேவையான தற்செயல்தன்மையை ஏறக்குறைய முழுதும் அழித்துவிட்டது. 2008 மே மாதம் அது வெளியில் தெரிந்தபோது, ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் 32,767 சாவிகள் மட்டுமே உருவாகியிருக்க முடியும் என்று புரிந்தது. பார்வைக்கு அவை வேறெந்தச் சாவியையும் போலத்தான் இருந்தன. சான்றின் வலிமை அதன் தோற்றத்தில் இல்லை, அது பிறந்த விதத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இணையத்திலிருந்து சர்வருக்கு வரும் வாசலைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. ரவுட்டரில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு போர்ட்டைத் திறந்துவிடுவதைவிட, ஒரே ஒரு வழியைத் திறந்து மற்றெல்லாவற்றையும் அதன் உள்ளே வைப்பது நல்லது. ஜேசன் டோனன்ஃபெல்டு உருவாக்கி, 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலின் 5.6ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட வயர்கார்டு இதற்கு ஏற்றது. சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்வதில்லை. போர்ட் எண்ணை 22இலிருந்து வேறொன்றுக்கு மாற்றினால் தட்டும் சத்தம் குறையும், பாதுகாப்பு கூடாது. அமைப்பு முறை முழுதும் எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் போதும் என்ற நிலை வேண்டும் என்று ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் 1883லேயே எழுதிவிட்டார். பல இணைய நிறுவனங்கள் வீடுகளுக்குத் தனிப் பொதுமுகவரி தருவதில்லை. அப்போது நடுவே ஓர் இடைநிலைச் சேவை தேவைப்படுகிறது. யாருடைய சாவி எது என்பதைப் பெரும்பாலும் அந்தச் சேவைதான் இரு பக்கமும் அறிவிக்கிறது என்பதால், முன்பு தாளில் எழுதிய கைரேகையின் இடத்துக்கு இப்போது ஒரு நிறுவனத்தின் சொல் வந்துவிடுகிறது. அதை ஏற்பது தவறில்லை. ஏற்கிறோம் என்று தெரிந்து ஏற்க வேண்டும்.

இனி கடினமான பகுதி. சரியான சாவியோடு சரியான சர்வருக்குள் நுழைந்தாகிவிட்டது. அது சொல்வது உண்மையா? யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் அது தன் லாக் கோப்பைக் காட்டும். உள்ளே நுழைந்து முழு அதிகாரம் பெற்ற ஒருவர் அந்தக் கோப்பையே திருத்தியிருக்கலாம். ஓடும் நிரல்களின் பட்டியலைக் கேட்டால், பட்டியலைத் தரும் நிரலையே மாற்றியிருக்கலாம். தெக்கார்த் 1641இல் கற்பனை செய்த, புலன்கள் அனைத்தையும் ஏமாற்றவல்ல தீய ஆற்றலின் நிலை இது. அங்கே அது ஒரு சிந்தனைச் சோதனை, இங்கே நடைமுறையில் நிகழக்கூடியது. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருது பெற்றபோது ஆற்றி 1984இல் அச்சான உரையில் இதை இறுதிவரை கொண்டுபோனார். மூலநிரலை இயங்குநிரலாக மாற்றும் கம்பைலருக்குள்ளேயே ஒரு பின்வாசலை ஒளித்துவைத்து, பிறகு அந்தக் கம்பைலரின் மூலநிரலில் சுவடே இல்லாமல் செய்துவிட முடியும் என்று காட்டினார். தானே முழுதாக எழுதாத எந்த நிரலையும் மூலத்தைப் படித்து மட்டும் நம்பிவிட முடியாது என்பது அவர் முடிவு.

தெக்கார்த் தேடிய ஐயத்துக்கு அப்பாற்பட்ட அடித்தளம் இந்தத் துறையில் கிடையாது. கிடைப்பது சாட்சிகளின் பன்மை. லாக் செய்திகள் எழுதப்படும் அதே கணத்தில் வேறொரு கணினிக்கும் ஒரு படி போய்ச் சேர்ந்தால், சர்வரைக் கைப்பற்றியவர் நுழைந்த கணத்தின் பதிவை அழிக்க முடியாது, அதற்குப் பிறகுதான் பொய் சொல்ல முடியும். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண்காணிப்பு, வீட்டு ரவுட்டர் தனியே காட்டும் தரவுப் போக்குவரத்து, வேறு ஊரில் இருக்கும் ஒரு பேக்கப் பிரதி, இவை ஒன்றையொன்று சாராத சாட்சிகள். எல்லாரையும் ஒருசேரக் கைக்குள் போட்டுக்கொள்வது, ஒருவரைப் போட்டுக்கொள்வதைவிடப் பல மடங்கு கடினம்.

2024 மார்ச்சில் நடந்தது இதற்குச் சான்று. எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், ஆண்டுக்கணக்கில் நல்ல பங்களிப்பாளராகப் பழகி நம்பிக்கை பெற்ற ஒரு புனைபெயர்க்காரர் பின்வாசல் வைத்திருந்தார். சில லினக்ஸ் வகைகளில் எஸ்.எஸ்.எச் சேவையோடு அந்த நிரல் ஏற்றப்படுவதால், பின்வாசல் நேரே எஸ்.எஸ்.எச் உள்ளேயே திறந்தது. ஆப்தருக்குரிய இரண்டாவது தகுதியான மெய்சொல்லும் விருப்பத்தை ஒருவர் நெடுங்காலம் நடித்துக் காட்ட முடியும் என்பதை உலகம் அன்று கண்டது. அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற தரவுத்தள நிரலாளர். வேறு ஏதோ சோதித்துக்கொண்டிருந்தவர், எஸ்.எஸ்.எச் நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அந்த அரை விநாடியை விடாமல் துருவினார். சர்வர் பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தது, ஆனால் பொய் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை மறைக்கவில்லை. புகையிலிருந்து நெருப்பை அறியும் கருதல் அளவை இவ்வளவு தூய்மையாக வேலை செய்த நிகழ்ச்சி கணினி வரலாற்றில் அதிகம் இல்லை. தன் சர்வரின் இயல்பான நடை எப்படி இருக்கும், எந்த நேரத்தில் எவ்வளவு சுமை, எவ்வளவு சூடு என்பதை வீட்டில் இருக்கும் நாட்களிலேயே பழகி வைத்திருப்பவருக்குத்தான் இந்த அளவை கிடைக்கும்.

அறிவதைப் போலவே செய்வதும் தொலைவில் மாறுகிறது. அருகில் இருக்கும்போது பெரும்பாலான தவறுகளைத் திருத்திவிடலாம். எட்ட இருக்கும்போது சில தவறுகள் திருத்தும் வழியையே மூடிவிடும். பயர்வாலில் ஒரு விதியைத் தப்பாக எழுதினால், அதைச் சரிசெய்ய உள்ளே போகும் பாதையே அடைபட்டுப்போகும். எனவே அங்கே செயல்களைப் பயனை வைத்து மட்டும் எடைபோடக்கூடாது, திரும்பிவர முடியுமா என்பதை வைத்தும் எடைபோட வேண்டும். அனுபவமுள்ளவர்கள் பயர்வாலை மாற்றும் முன், சில நிமிடங்களில் பழைய விதிகளைத் தானாகவே திரும்ப ஏற்றும் ஒரு கட்டளையை முதலில் இட்டுவிடுகிறார்கள். மாற்றம் சரியாக இருந்து உள்ளே இருக்க முடிந்தால் அதை நீக்குவார்கள். வெளியே தள்ளப்பட்டால் அது அவர்களை மீட்கும். எஸ்.எஸ்.எச் அமைப்பை மாற்றும்போது பழைய இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிய இணைப்பு ஒன்றால் நுழைந்து பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தன் வருங்காலத் தவற்றை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்கு மாற்றை முதலில் செய்துவிடும் இந்தப் பழக்கம் அறவியலில் விவேகம் எனப்படுவதன் மிகத் துல்லியமான வடிவங்களில் ஒன்று. பாதுகாப்பு அப்டேட்களைச் சர்வரே தானாக ஏற்றிக்கொள்ள விடலாமா என்ற கேள்விக்கும் இந்த நோக்கில் விடை கிடைக்கிறது: பாதுகாப்புத் திருத்தங்களை விடலாம், பெரிய பதிப்பு மாற்றங்களை வீடு திரும்பிய பிறகு செய்யலாம்.

மின்தடையின்போது, திரும்பிவர முடியுமா என்ற இந்தக் கேள்வி ஓர் உண்மையான இருதலைச் சிக்கலாகிறது. டிஸ்க் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், சர்வரைத் தூக்கிக்கொண்டு போகும் திருடனுக்கு எதுவும் கிடைக்காது. ஆனால் மின்சாரம் போய் வந்ததும் யாராவது கடவுத்தொடரைக் கொடுத்தால்தான் அது எழும். உரியவரோ வேறு ஊரில். டிஸ்க் திறக்கும் முன்பே ஓடும் ஒரு மிகச் சிறு எஸ்.எஸ்.எச் சேவையை வைத்து, தொலைவிலிருந்தே கடவுத்தொடரைக் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சிறு சேவை மறையாக்கம் இல்லாத பகுதியில் இருக்கிறது. வீட்டுக்குள் வரக்கூடிய ஒருவர் அதை மாற்றிவைத்தால் கடவுத்தொடர் அவருக்குப் போய்விடும். இரண்டு தீங்குகளில் எது நிகழ வாய்ப்பு அதிகம் என்று ஒவ்வொரு வீடும் தனக்குத் தானே முடிவெடுக்க வேண்டியதுதான். பெரும்பாலான வீடுகளுக்குச் சாதாரணத் திருட்டும் மின்தடையும்தான் உண்மையான ஆபத்துகள். அவற்றுக்குத் தொலைவிலிருந்து திறக்கும் முறையும், சில நிமிட மின்தடையைத் தாங்கும் ஒரு யு.பி.எஸ்ஸும் போதும்.

கடைசியில் மனிதர்கள். ஆனெட் பேயர் 1986இல் எழுதிய கட்டுரையில், ஒன்றைச் சார்ந்திருப்பதையும் ஒருவரை நம்புவதையும் பிரித்துக் காட்டினார். கோனிக்ஸ்பெர்க்கில் கான்ட் நேரம் தவறாமல் நடை போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டவர்கள் அவரைச் சார்ந்திருந்தார்கள்; ஒரு நாள் அவர் வராவிட்டால் ஏமாற்றமடைவார்கள், துரோகம் செய்துவிட்டார் என்று சொல்ல மாட்டார்கள். நம்பிக்கை என்பது மற்றவரின் நல்லெண்ணத்தில் தன்னை ஒப்படைப்பது. அங்கேதான் துரோகம் என்ற சொல்லுக்கு இடம் உண்டு. உரிமையாளர் சர்வரைச் சார்ந்திருக்கிறார். வீட்டில் இருக்கும் அம்மாவையோ மனைவியையோ தம்பியையோ அவர் நம்புகிறார். எல்லா வழிகளும் அடைபட்டபின், போனில் கூப்பிட்டு அந்தப் பெட்டியின் பொத்தானை ஒருமுறை அழுத்தி அணைத்துப் போடச் சொல்லும்போது தெரியும், எந்தச் சாவியாலும் ஆகாததை அவர்களால் செய்ய முடிகிறது. சொல்லிக்கொடுத்து, பெட்டியில் பெயர் எழுதி ஒட்டி, எந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்றும் காட்டிவிட்டுப் போவது கைரேகையைத் தாளில் எழுதுவதைவிடக் குறைந்த முக்கியத்துவம் உடையதல்ல.

அந்த நம்பிக்கை ஒருவழிப் பாதையாகிவிடக்கூடாது. சர்வரில் முழு அதிகாரம் உள்ளவர் வீட்டார் எல்லோருடைய கோப்புகளையும் திறக்க முடியும். கேமராவும் இணைந்திருந்தால், எத்தனை காத தூரத்திலிருந்தும் வீட்டுக்குள் யார் எப்போது வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்க்க முடியும். வெளியாரிடமிருந்து வீட்டைக் காக்கும் அதே ஏற்பாடு, வீட்டாரை உரிமையாளரின் பார்வைக்குள் வைக்கிறது. பாதுகாப்புக் கையேடுகள் பெரும்பாலும் இதைப் பேசுவதில்லை. ஆனால் இதுவும் பாதுகாப்புக் கேள்விதான். ஒவ்வொரு பயனருக்கும் நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான அதிகாரத்துக்கு மேல் ஒன்றும் தரக்கூடாது என்று ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் வகுத்த நெறி, உரிமையாளருக்கும் பொருந்த வேண்டும். வீட்டார் ஒவ்வொருவரின் அந்தரங்கக் கோப்புகளும் அவரவர் கடவுத்தொடரால் மறையாக்கப்பட்டிருக்கலாம். அறைகளுக்குள் கேமரா வேண்டாம் என்று முடிவு செய்யலாம். வாசல் கேமராவை வெளியூரிலிருந்து பார்த்த நேரங்கள் எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு பதிவில் இருக்கலாம். வெளியூரில் இருப்பவர் தன் சர்வரிடம் சாட்சிகள் கேட்கிறார். அவருடைய செயலுக்கும் சாட்சி கேட்க வீட்டில் இருப்பவர்களுக்கு உரிமை உண்டு.

உரியவர் திரும்பாமலே போகும் நிலைக்கும் ஏற்பாடு வேண்டும். விபத்தோ மரணமோ நேர்ந்தால், இவ்வளவு கவனமாகப் பூட்டிய சர்வர் குடும்பத்துக்கே திறக்காத பெட்டியாகிவிடும். பத்தாண்டுப் புகைப்படங்கள் அதற்குள்ளேயே நின்றுவிடும். டிஸ்க்கின் கடவுத்தொடரையும், பேக்கப் இருக்கும் இடத்தையும், கணினி தெரிந்த ஓர் உறவினர் படித்தால் புரியும்படியான ஒரு பக்கக் குறிப்பையும் முத்திரையிட்ட உறையில் வைத்து, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்திலேயே வைப்பது பொருத்தமானது. கடவுத்தொடரை மாற்றும்போதெல்லாம் உறையையும் மாற்ற வேண்டும். உறை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் குறைந்தது இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.